ஒரு வாய் சில்வானர்

லூபெக்
12 நவம்பர் 1983

தம்பி கிலியனுக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் ஆஃப்ராவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய். என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய் என்று எழுது. மற்றதை நானே தெரிந்துகொள்கிறேன்.

உன் பெண் வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அறுவடைத் திருநாளில் நீ தெருவில் விழுந்து, உன்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோது, உன் ஷூ இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாளே, அதைப் பற்றியும் பேசவில்லை. நேற்று மட்டும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்: "அத்தை, அப்பா எப்ப காய்வாரு? மழை பெஞ்சா மறுபடி நனைஞ்சிடுவாரா?"

நாம் இனிப்பு மிஞ்சாத ஒயினையும் காய்ந்தது என்கிறோம், குடியை விட்டவனையும் காய்ந்தவன் என்கிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை பாவம், என்ன செய்யும்.

இனி விதிகள். ஃபோன் கிடையாது. உன் குரலை நம்பி நான் ஏமாந்தது போதும். ஃபோனில் நீ பாதிரியார் மாதிரிப் பேசுவாய். கையால் எழுது. உன் கை நடுங்கினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். வினிகர் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், அந்த அலமாரியை நான் ஏற்கனவே பார்த்துவிட்டேன். ஒயின் நிலவறையில் வேலை செய், ஆனால் உதட்டில் ஒரு துளி படக்கூடாது. ருசி பார்க்க வேண்டுமென்றால் பாட்டிலில் பிடித்து எனக்கு அனுப்பு. முப்பது வருஷமாக விடுதி அடுப்படியில் நிற்கிறவள் நான். உன் நாக்காக நான் இருக்கிறேன்.

யோஹானிஸ் திருநாள் வரை, அதாவது அஸ்பாரகஸ் தண்டு அறுப்பு முடிகிற ஜூன் 24 வரை, இப்படி இருந்து காட்டு. ஆஃப்ராவை நானே ரயிலேற்றிக் கூட்டிவருகிறேன். நடுவில் ஒரு தடவை வழுக்கினாலும் அவள் இங்கேதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ரோஸ்வித்தா


கிர்ஷ்டால்
27 நவம்பர் 1983

அன்புள்ள அக்கா,

உனக்கும் என் செல்லத்துக்கும் ஆயிரம் முத்தம். பருப்பு சூப் சாப்பிட்டேன். தூக்கம் வருகிறது, ஆனால் நிற்பதில்லை. எழுத்தை உற்றுப் பார், கோடு போட்டமாதிரி இருக்கிறது.

உன் விதி எல்லாம் சம்மதம். மூக்குக்கும் காதுக்கும் நீ தடை போடவில்லை, அந்த மட்டும் நன்றி. முதல் பீப்பாய் சில்வானர் வெள்ளை ஒயின் நுரைத்து அடங்கிவிட்டது. மூன்றாவது இன்னும் முணுமுணுத்துக்கொண்டு கிடக்கிறது. ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று முடிக்க வேண்டும், அப்போதுதான் அது காய்ந்த ஒயின். மிதவைக் கண்ணாடியை இறக்கி மிச்சச் சர்க்கரையை அளக்கிறேன். ருசி மட்டும் தெரியவில்லை. குருடன் படம் வரைகிறமாதிரி இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆல்பன் தினமும் வேலிக்கு மேல் தலையை நீட்டுகிறார். "கறிக்கடைக்காரன் சைவத்துக்கு மாறுன கதையா இருக்குடா ஒன் பொழப்பு," என்கிறார். "இந்த ஊர்ல காய்ஞ்ச சரக்கு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ஒன் சில்வானர். இன்னொண்ணு நீ. எது மொதல்ல கெட்டுப்போவுதுன்னு பாக்கறேன்." சிரித்து வைத்தேன். என் ஹன்னா உயிரோடு இருந்தால், புருஷனைச் சொன்னதற்கு அவர் தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பாள்.

முதல் பீப்பாயிலிருந்து ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். உள்ளது உள்ளபடி சொல். ஆஃப்ராவுக்குப் பழைய கையுறை பத்தாது, புதிது வாங்கு.

உன் தம்பி
கிலியன்


லூபெக்
10 டிசம்பர் 1983

தம்பி,

கடிதம் கிடைத்தது. எழுத்து நேராக இருக்கிறது, திருப்தி. ஆஃப்ராவுக்குச் சிவப்புக் கையுறை வாங்கியாயிற்று.

இந்த ஊர் சிவப்பு ஒயின் ஊர். வெள்ளையைத் திறந்ததும் எங்கள் பரிமாறும் ஆள் டெட்லெஃப் மூக்கைச் சுருக்கினான். நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாய் எடுத்தேன், ஒரே வாய். பேரிக்காய்த் தோல், மழையில் நனைந்த சுண்ணாம்புக் கல், கடைசியில் லேசான கசப்பு. தனியாகக் குடித்தால் வெடுக்கென்று இருக்கிறது. உப்பு கேட்கிற ஒயின் இது. பன்றிக்கொழுப்பில் பொரித்த தட்டைமீனோடு வைத்தேன், கொழுப்பை அறுத்துக்கொண்டு போயிற்று. கிரீமில் ஊறிய ஹெர்ரிங் மீனோடு சேரவில்லை, இரண்டு புளிப்பும் மல்லுக்கு நின்றன. புகைபோட்ட விலாங்குக்கு வைத்தபோது டெட்லெஃபே வாயைத் திறந்தான்: "இது வெள்ளைதானா? நம்பவே முடியலையே."

மிச்சத்தைச் சாஸில் ஊற்றிவிட்டேன். உன் முதல் பீப்பாய் தேறிவிட்டது. இதில் கை வைக்காதே.

ஆஃப்ரா என் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள். குளிருக்கு இதமாக இருக்கிறது. முன்பெல்லாம் சுடுதண்ணீர்ப் பாட்டிலைக் கட்டிக்கொண்டு தூங்குவேன்.

நல்ல கிறிஸ்துமஸாக இருக்கட்டும். ஜாக்கிரதையான கிறிஸ்துமஸாகவும்.
ரோஸ்வித்தா


கிர்ஷ்டால்
8 ஜனவரி 1984

அன்புள்ள அக்கா, புது வருஷ வாழ்த்து. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆஃப்ராவின் படம் வந்தது. படத்தில் எனக்கு ஷூ போட்டுவிட்டிருக்கிறாள், கவனித்தாயா?

கிறிஸ்துமஸுக்கு ஆல்பன் வீட்டில் மாவில் பொரித்த கார்ப் மீன். எல்லார் முன்னாலும் கிளாஸ், என் முன்னால் ஆப்பிள் ஜூஸ். மீனின் வால் மொறுமொறுவென்று இருந்தது, அதற்கு எது வேண்டும் என்று என் நாக்குக்குத் தெரியும். எழுந்து வெளியே போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசை இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் தொடவில்லை.

இன்னொரு தலைவலி. மூன்றாவது பீப்பாய் பாதியில் நின்றுவிட்டது. நிலவறைக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டது, சர்க்கரை மிச்சம் கிடக்கிறது. "அப்படியே இனிப்பா வுட்டுடுடா, டூரிஸ்ட் பஸ்காரன் அள்ளிட்டுப் போவான்," என்கிறார் ஆல்பன். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பாதி காய்ந்ததோடு நிற்க எனக்கு மனசு இல்லை. கரியடுப்பைப் பீப்பாய் பக்கத்தில் வைத்துக் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். இதையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

நின்ற நிலையிலேயே ஒரு பாட்டில் அனுப்புகிறேன். நீ என்ன சொல்கிறாய்?

கிலியன்


லூபெக்
20 ஜனவரி 1984

கிலியன்,

முட்டி அப்படியே இருக்கிறது. ஆஃப்ரா நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. 'நிலவறை' என்ற சொல் கோட்டை விட்டே இறங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கார்ப் மீன், கிளாஸ், ஆற்றங்கரை என்று கதை வேறு. நீ குடித்த நாட்களில்தான் இவ்வளவு அழகாக எழுதுவாய்.

நேராகக் கேட்கிறேன், குடித்தாயா? ஈஸ்டர் விடுமுறைக்கு அவளை அங்கே அனுப்பலாம் என்றிருந்தேன், பதில் வரும்வரை அந்தப் பேச்சு இல்லை.

மூன்றாவது பீப்பாய் விஷயம். இனிப்பு நாக்கு நுனியில் நிற்கிறது. மீனுக்குச் சரிவராது, காரமான வெங்காய அடைக்கு வேண்டுமானால் ஒப்பேற்றலாம். காயவிடு. அப்புறம், ஒரு வாய் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று தோன்றுகிறது. சாப்பாட்டின் ஆரம்பம் முதல் கடைசி வரை அது எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இனிமேல் இரண்டு இரண்டாக அனுப்பு.

ரோஸ்வித்தா


கிர்ஷ்டால்
3 பிப்ரவரி 1984

அக்கா,

நான் நலம். இல்லை, குடிக்கவில்லை.

நிலவறையில் கை விறைத்துப்போய் எழுதினேன். அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து எப்படி இருக்கிறது என்று நீயே பார். வேண்டுமானால் பாதிரியாரிடம் கேள், ஆல்பனிடம் கேள், குடியை விட்டவர்களின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என்னோடு காபி குடிக்கிற ஆட்களிடம் கேள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சந்தேகப்பட உனக்குக் காரணம் கொடுத்தவன் நான். அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

ஈஸ்டரை மட்டும் வெட்டிவிடாதே. அவள் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

முதல் பீப்பாயில் இரண்டு, மூன்றாவதில் இரண்டு. நீ கேட்டபடி அனுப்பியிருக்கிறேன். உன் உதவியை மறக்கமாட்டேன்.

கிலியன்


லூபெக்
25 மார்ச் 1984

அன்புத் தம்பி, ராஜா,

எழுதாமல் விட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. விடுதியில் கூட்டம் நெரிகிறது. நான் நன்றாக இருக்கிறேன், முட்டிவலி கூடத் தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன்னை அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

உன் ஒயினைப் பற்றி என்ன சொல்ல. வினிகரில் வேகவைத்த நீலத் தொத்திறைச்சிக்கு, நம் அம்மா செய்வாளே, அதற்கு ஒரு கிளாஸ் வைத்தேன். வான்கோழி வறுவலுக்கு வைத்தேன். ஆட்டுப்பால் சீஸுக்கு, உருளைக்கிழங்கு சாலடுக்கு, வெறும் ரொட்டிக்கு. எல்லாவற்றோடும் போகிறது. ஹெர்ரிங்கோடும் பிரமாதமாகப் போகிறது. மூன்றாவது பீப்பாய் சுத்தமாகக் காய்ந்துவிட்டது, வாழ்த்துக்கள். அஸ்பாரகஸுக்கென்றே பிறந்த ஒயின். சில்வானர் இல்லாத அஸ்பாரகஸ் வெறும் வேகவைத்த குச்சிதானே. அனுப்பியதெல்லாம் தீர்ந்துவிட்டது, ஒன்று கை தவறி உடைந்தது. ஈஸ்டர் மெனுவுக்குப் பரிசோதிக்க ஒரு பெட்டியாக அனுப்பிவிடு.

ஈஸ்டருக்கு ஆஃப்ரா வருவது சந்தேகம். நெஞ்சுச் சளி, விடாத இருமல். டாக்டர் பிரயாணம் வேண்டாம் என்கிறார். நீ வருத்தப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்
அக்கா

அப்பா, நான் சனிக்கிழமை சனிக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போறேன். தலைகீழா குதிப்பேன். அத்தை இப்ப சமைக்கும்போது பாட்டுப் பாடறாங்க. வினிகர் அலமாரிய மட்டும் நான் தொறக்கக் கூடாதாம். ஆஃப்ரா


கிர்ஷ்டால்
4 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. பல தடவை படித்தேன். ஆஃப்ராவின் இருமல் குறைந்ததா? நீச்சலடிக்கிற அளவுக்குத் தேறியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பெட்டி அனுப்பவில்லை. இப்போதைக்குக் கையில் பாட்டில் குறைவு.

ஒரு சின்னச் சந்தேகம். மூன்றாவது பீப்பாய் சுத்தமாகக் காய்ந்துவிட்டது என்கிறாய். நான் பாட்டிலில் பிடித்த அன்று அதில் சர்க்கரை இருந்தது, அளந்துதான் அனுப்பினேன். ஆல்பன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இத என் பேத்தி பொறந்தநாளுக்கு ஊத்தலாம்டா," என்றார். ஜனவரியில் நாக்கு நுனியில் இனிப்பைப் பிடித்தவள் நீ. ஹெர்ரிங் கூடாது என்று சொன்னவளும் நீ. ருசி பார்த்தபோது வேறு ஏதாவது சாப்பிட்டிருந்தாயோ என்னவோ.

இரண்டு பாட்டில் மட்டும் அனுப்புகிறேன். ஐந்து, ஆறு என்று நம்பர் போட்டிருக்கிறேன். அவசரமில்லை. காலையில், வெறும் வயிற்றில், ஒவ்வொரு வாய். என்ன தோன்றுகிறதோ எழுது.

உடம்பைக் கவனித்துக்கொள் அக்கா. நிஜமாகவே கேட்கிறேன், எப்படித் தூங்குகிறாய்?

கிலியன்


லூபெக்
2 மே 1984

அன்புள்ள கிலியன்,

நலம். கையில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம், அதனால் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடிக்கிறேன்.

நீ என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய் போலிருக்கிறது. யார் யாரைக் கேள்வி கேட்பது என்று ஒரு முறை இல்லையா? உன் பெண்ணைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவள் நான். உன்னைத் தெருவிலிருந்து பொறுக்கி எடுத்தவளும் நான்.

ஐந்தாம் நம்பரில் உடம்பே இல்லை, வெறும் தண்ணீர். அதைக் கொட்டிவிடு. ஆறாம் நம்பர் இந்த வருஷத்தின் ராணி. கன்றுக்கறியோடு, அஸ்பாரகஸோடு, எதோடும் வைக்கலாம். ஆறாம் நம்பரில் இன்னும் அனுப்பு.

ஜூன் விஷயம். யோசித்துப் பார்த்தேன். ஆஃப்ராவுக்கு இங்கே பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது, தோழிகள் இருக்கிறார்கள். எட்டு மாதம் குடிக்காமல் இருந்தவனெல்லாம் காய்ந்தவன் ஆகிவிட முடியாது. இன்னும் ஒரு வருஷம் போகட்டும். குழந்தையின் நன்மைக்குத்தான் சொல்கிறேன். வாதாடாதே.

ரோஸ்வித்தா


கிர்ஷ்டால்
9 மே 1984

அக்கா,

நான் நலம். நீ நலமில்லை.

ஐந்தும் ஆறும் ஒரே பீப்பாய். ஒரே நாளில், ஒரே குழாயில் பிடித்தது. எது ராணி, எது தண்ணீர்?

உன்னைச் சோதித்தது அசிங்கம்தான், மன்னித்துக்கொள். வேறு வழி தெரியவில்லை. நீ எழுதியதில் எனக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. உடைந்த பாட்டில் என் பழைய சாக்கு. ஆஃப்ராவுக்கு நீயாக வரவழைத்த இருமலும் என் பழைய சாக்கு. ஒரு வாய் பத்தாது, சாப்பாடு முழுக்கப் பார்க்க வேண்டும் என்றாயே, அதை நான் ஹன்னாவிடம் சொல்லியிருக்கிறேன். மீனுக்கு ஒன்று, சீஸுக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று. நம் தொழிலில் குடிக்கக் காரணம் தேடி வெளியே போக வேண்டாம், தட்டிலேயே இருக்கும். அந்த வினிகர் அலமாரியும் என்னுடையதுதான். ஒளிக்க வேறு இடமா கிடைக்கவில்லை உனக்கு?

தப்பு பாதி எனக்கு. என் நாக்கைக் காப்பாற்ற உன் நாக்கைக் கொடுத்தாய், நானும் யோசிக்காமல் பாட்டில் பாட்டிலாக அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

ஆல்பனிடம் சொன்னேன். "நாளைக்கே போய் பொண்ணக் கூட்டிட்டு வந்துடுடா, யாரக் கேக்கணும்," என்றார். டிக்கெட் கூட வாங்கிவிட்டேன். திரும்பப் போய்க் கொடுத்துவிட்டேன். ஆஃப்ராவை மட்டும் கூட்டிவந்தால் அங்கே நீயும் அந்த அலமாரியும்தான் மிச்சம்.

மூன்றாவது பீப்பாய் போன வாரம் காய்ந்துவிட்டது. யாரும் எதுவும் சேர்க்கவில்லை. அடுப்பு வைத்துக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

யோஹானிஸ் திருநாளுக்கு இரண்டு பேரும் வாருங்கள். மாடியறை உனக்கு. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வருகிறாய், வரவில்லை என்று ஒரு வரி போதும். ஆனால் கையால் எழுது. விதி உன்னுடையது.

கிலியன்


லூபெக்
17 ஜூன் 1984

தம்பி,

ஆஃப்ரா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று இந்த எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். கொப்புளம் எதுவும் இல்லை. இதை நாலு தாள் கிழித்து ஐந்தாவதில் எழுதுகிறேன்.

இந்த ஐந்து வாரமும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பதில் எழுத வேண்டாம், வக்கீலைப் பார்க்கலாம் என்றுகூட இருந்தேன். போன வியாழக்கிழமை சமையலறையில் கால் இடறி விழுந்தேன். எழுந்து பார்த்தால் ஆஃப்ரா என் பக்கத்தில் நிற்கிறாள். கையில் என் செருப்பு இரண்டும். பழகின வேலை மாதிரி நின்றாள்.

நீ கண்டுபிடித்தது பாதிதான். மீதியை நானே சொல்கிறேன். நவம்பரிலிருந்து உன் கடிதம் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேனே, எழுத்து நேராக இருக்க வேண்டும் என்று நான் வேண்டவில்லை. நடுங்கியிருக்க வேண்டும் என்று வேண்டினேன். நீ ஒரு தடவை வழுக்கினால் போதும், அவள் என்னோடு இருப்பாள். அந்த ஒரு ஜனவரிக் கடிதம் தவிர ஒவ்வொரு தடவையும் எழுத்து நேராக வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு கிளாஸ் ஊற்றினேன்.

இதைப் படித்த பிறகும் என்னை வரச்சொல்வாயா, தெரியவில்லை. வரவேண்டாம் என்றால் ஆஃப்ராவை மட்டும் இறக்கிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன். அத்தையும் காய வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "அப்ப அப்பா வீட்டுலயே இருங்க அத்தை. அங்கதான் நெறைய வெயில் அடிக்கும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய ரயில். கடைசி அஸ்பாரகஸ் கொஞ்சம் எடுத்து வை, வெண்ணெயும் உருளைக்கிழங்கும் போதும். மேஜையில் தண்ணீர் வை. சில்வானர் இல்லாவிட்டால் அது வெறும் குச்சி என்று எழுதினேன் இல்லையா. குச்சியாகவே தின்கிறேன்.

அக்கா